பயிற்றுநரை வெளியேற்ற இத்தனை மில்லியனா? அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்து குறித்து ஒரு தந்தையின் கேள்வி

ஜெலுத்தோங் அப்பா, பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோலாலம்பூரில் அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மீதிப் படிப்பை முடிக்கக் கடந்த ஆகஸ்டில் அமெரிக்கா சென்றாள். அங்கே பருவத்தின் நடுவிலேயே காற்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்றுநரை நீக்கிவிட்டார்கள். நாம் ஆடும் காற்பந்து அன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். வேலையை விட்டுப் போவதற்காகவே அந்த மனிதருக்குப் பல மில்லியன் டாலர் கொடுக்கிறார்கள் என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது, அவள்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். செய்திகளைத் தேடிப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் சேமநிதியிலிருந்து எடுத்த பணமும் ஒரு வங்கிக் கடனும் சேர்ந்துதான் அவளுடைய கட்டணம்.

இந்தப் பணம் நாங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து போகிறதா? தோற்றுக்கொண்டே இருப்பவரைச் சும்மா அனுப்ப முடியாதா? புதியவரை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

செராஸ் வாசகி

ஐயா, நானும் அதே மாற்றுத் திட்டத்தில் சென்று படித்தவள். பெரிய குழுக்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைக்குத் தனி வரவு செலவுக் கணக்கு உண்டு. தொலைக்காட்சி உரிமப் பணம், நுழைவுச்சீட்டு, பழைய மாணவர்களின் நன்கொடை ஆகியவற்றால்தான் அது பெரும்பாலும் ஓடுகிறது. எனவே உங்கள் சேமநிதிப் பணம் நேராக அந்தப் பயிற்றுநரின் கைக்குப் போவதில்லை. ஆனால் சிறிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கு விளையாட்டுத் துறைக்குச் செல்கிறது. மகளின் கட்டணச் சீட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் தொகைகள் எப்படி இவ்வளவு வீங்கின என்பதற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கதையைவிட நல்ல சான்று கிடையாது. அவர்கள் 2017இன் இறுதியில் ஜிம்போ ஃபிஷர் என்பவரைப் பத்து ஆண்டுகளுக்கு 75 மில்லியன் டாலர் என்று பேசி அழைத்து வந்தார்கள். 2020இல் குழு ஒன்பது ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. வேறு எவரும் அவரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சத்தில், 2021இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டி, ஒவ்வொரு டாலருக்கும் உத்தரவாதம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே குழு ஐந்து ஆட்டங்களில் மட்டும் வென்று ஏழில் தோற்றது. 2023 நவம்பரில், 51–10 என்று வென்ற ஆட்டத்துக்கு மறுநாள் (ஆம், வென்ற மறுநாள்தான்) அவரை நீக்கினார்கள். கொடுக்க வேண்டியிருந்தது 75 மில்லியன் டாலருக்கும் மேல். அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் அந்தத் தொகையில் ஒரு காசுகூடக் குறையாது என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. அங்கே இதை ‘பைஅவுட்’ என்கிறார்கள். முறிவுத் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பார்வையில் குற்றம் பயிற்றுநர் மீது இல்லை. ஒரு நல்ல பருவத்தைப் பார்த்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் மீதுதான். ஃபிஷரை முதலில் அழைத்து வந்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட், பிறகு லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பிரையன் கெல்லியை அமர்த்தினார். 2025 அக்டோபரில் கெல்லி நீக்கப்பட்டபோது அவருக்கான முறிவுத் தொகை ஏறத்தாழ 54 மில்லியன் டாலர். மாநில ஆளுநரே ஊடகத்தினர் முன் நின்று, அடுத்த பயிற்றுநரை வுட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். சில நாள்களில் வுட்வர்டும் பதவியை விட்டுப் போனார்.

எல்லா ஒப்பந்தங்களும் ஃபிஷருடையதைப் போல இல்லை. 2025 அக்டோபரிலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் நீக்கிய ஜேம்ஸ் ஃபிராங்க்ளினுக்கு ஏறத்தாழ 49 மில்லியன் சேர வேண்டியிருந்தது. ஆனால் அவர் வேறு வேலை தேட வேண்டும், அங்கே கிடைக்கும் ஊதியம் இதில் கழிக்கப்படும் என்ற நிபந்தனை இருந்தது. நவம்பரில் அவர் வெர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் தொகை 9 மில்லியனாகச் சுருங்கியது. உங்கள் மகளின் பல்கலைக்கழகத்து ஒப்பந்தம் இவற்றில் எந்த வகை என்று செய்திகளில் தேடிப் பாருங்கள். முழுத் தொகையும் எப்போதும் போவதில்லை.

செந்தூல் பழைய ஆட்டக்காரர்

தங்கை கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். பள்ளிக் குழுக்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் என்ற முறையில், அந்த ஆட்டத்தின் விதிகளை முழுமையாக அறியாவிட்டாலும் அதன் அரசியல் எனக்கு நன்றாகவே புரிகிறது.

பெயருக்கு, தேர்ந்தெடுப்பவர் விளையாட்டுத் துறை இயக்குநர். நடைமுறையில் ஆட்சிக் குழு, பணம் கொடுக்கும் புரவலர்கள், ஆள் தேடித் தரும் நிறுவனம், பயிற்றுநர்களின் முகவர்கள் என்று ஆளுக்கொரு கை இருக்கும். போதாததற்கு நாள்காட்டியின் நெருக்கடி. உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று கையெழுத்திடும் காலம் டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குள் புதியவர் வந்து அமரவில்லை என்றால் பிள்ளைகள் வேறு பக்கம் போய்விடுவார்கள். அக்டோபரிலேயே பழையவரை அனுப்புவது இதனால்தான்.

அவசரத்தில் எடுத்த முடிவு எப்படி ஆகும் என்பதை நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 2001லேயே கண்டது. ஜார்ஜ் ஓலீரி என்பவரை நியமித்தார்கள். அவர் தந்த தன்விவரக் குறிப்பில் பெறாத முதுகலைப் பட்டமும் ஆடாத கல்லூரி ஆட்டமும் இருந்தது தெரியவந்து, ஐந்தே நாளில் பதவி விலகினார். நம் ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியரை எடுத்தாலும் சான்றிதழின் மூலத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள்!

டென்னசி பல்கலைக்கழகத்தில் 2017இல் நடந்தது வேறு வகை. கிரெக் ஷியானோவை அமர்த்தப் போவதாகச் செய்தி கசிந்த அன்றே ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர் முன்பு பணியாற்றிய இடத்தில் நடந்த குற்றம் அவருக்குத் தெரிந்திருந்தது என்ற குற்றச்சாட்டைச் சிலர் எழுப்பினார்கள். அவர் அதைத் திட்டவட்டமாக மறுத்தார். மாலைக்குள் பேச்சு முறிந்தது, சில நாள்களில் இயக்குநரின் பதவியும் போயிற்று. அதன்பின் வந்த ஜெரமி புரூயிட் 2021 ஜனவரியில், ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில் நடந்த விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டார். பல்கலைக்கழகம் 8 மில்லியன் டாலருக்கு மேல் அபராதமும் சுமந்தது. கூட்டத்தின் கூச்சலுக்கு ஏற்ப ஆள் எடுத்ததால்தான் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூச்சல் அடங்கட்டும் என்று ஒரு வாரம் பொறுக்கவும் அங்கே யாருக்கும் மனம் இருக்கவில்லை.

வெளியாள்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு விளங்குவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் லேன் கிஃபின், பதினொரு வெற்றி பெற்றிருந்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை விட்டு, மேலே சொன்ன லூயிசியானா வேலைக்குப் போனார். தேசிய வெற்றியாளரைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்டச் சுற்று கண்முன் இருந்தது. போகிறவர் அதில் வழிநடத்தக் கூடாது என்று நிர்வாகம் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயே இருந்த உதவிப் பயிற்றுநர் பீட் கோல்டிங்கை அமர்த்தியது. குழு அரையிறுதி வரை சென்றது. நம் கே. ராஜகோபாலை நினைத்துக்கொண்டேன். 2009இல் தேசியக் குழுவின் பொறுப்பை ஏற்று, அதே ஆண்டு லாவோஸ் சீ விளையாட்டில் தங்கமும், 2010இல் ஆசியான் சுசுகி கிண்ணமும் வாங்கித் தந்தவர். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3–0 என்று வென்ற இரவு நான் அரங்கில் இருந்தேன். அவர் பொறுப்பேற்ற நாளில் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் எத்தனை பேர் அவருக்கு வாக்களித்திருப்பார்கள் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

பிரிக்பீல்ட்ஸ் மனிதவளம்

ஐயாவின் இரண்டாவது கேள்வி விடுபட்டுப் போனது. தோல்வி என்பது ஒப்பந்தத்தை மீறிய செயல் ஆகாது. அதனால் சும்மா அனுப்ப முடியாது. ஒழுங்கீனம், விதிமீறல் போன்ற தக்க காரணத்தை நிறுவினால் மட்டுமே மீதித் தொகையைக் கொடுக்காமல் விடலாம். 2021இல் பத்து ஆண்டுகளுக்கு 95 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் பெற்ற மெல் டக்கரை, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில் அப்படித்தான் நீக்கியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார், வழக்கும் தொடுத்தார். கெல்லியின் விவகாரத்திலும் இதே இழுபறி நடந்தது: தக்க காரணம் காட்டி நீக்கவும் கூடும் என்ற பேச்சு எழுந்ததும் அவர் நீதிமன்றம் சென்றார், அதன்பின் முழுத் தொகையும் கடன்பட்டிருக்கிறோம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ‘காரணம் கண்டுபிடித்துவிட்டோம்’ என்ற செய்தி வந்தால் உடனே நம்பாமல், அது வழக்கில் நிற்கிறதா என்று காத்திருந்து பாருங்கள்.

ஜெலுத்தோங் அப்பா, பினாங்கு

மூவருக்கும் மிக்க நன்றி. தங்கை சொன்னபடி மகளிடம் கட்டணச் சீட்டை அனுப்பச் சொன்னேன். ‘மாணவர் கட்டணம்’ என்று ஒரே வரியாகப் போட்டிருக்கிறார்கள்; உள்ளே என்னென்ன அடங்கும் என்பது இல்லை. அதைப் பிரித்துக் காட்டும்படி கேட்டு எழுதுமாறு சொல்லியிருக்கிறேன். அவளோ, புதுப் பயிற்றுநரை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிக்கு மாணவர்களுக்கு இலவச அனுமதி, சட்டையும் தருகிறார்களாம், போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்கிறாள்.