டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம்: கிரீன் கார்டு வைத்திருப்பவர் எடுப்பது நல்லதா?

கேட்டிக்காரன்:

ஹியூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கிறேன். ஊரின் வடக்குப் பக்கம் ஒரு கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதையொட்டிய கடையும் நடத்துகிறேன். இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்து, கல்லாப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் நடக்கும் தூரம்தான் என் கவலை. போன மாதம் எங்கள் சாலையிலேயே இன்னொரு கடைக்காரரை இப்படி வழிமறித்துவிட்டார்கள்.

நான் கிரீன் கார்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் காலம் இருக்கிறது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் எனக்குக் கொடுப்பார்களா? 'டெக்சாஸில் இப்போது உரிமமே வேண்டாம்' என்கிறார் கடைக்கு வரும் ஒருவர். பிறகு எதற்காக வகுப்பு, கைரேகை எல்லாம்? வீட்டில் ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள். மனைவிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

மேற்குச்சாலை:

அவர் சொன்னது சரிதான். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள யாரும் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். கிரீன் கார்டுக்காரருக்கும் அதே விதிதான். சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்ள அதற்கு முன்பும் உரிமம் தேவைப்பட்டதில்லை. காருக்குள் வைப்பதற்கு 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. காசையும் நேரத்தையும் மிச்சப்படுத்துங்கள்.

பேர்லாந்து அக்கா:

தம்பி, மேலே சொன்னவர் மாநிலச் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவது யார்? நீங்கள்தானே? அங்கேதான் வம்பு.

பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்திய அரசின் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநிலம் கொடுத்த உரிமம் கையில் இருந்தால் அந்த மாநிலத்துக்குள் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க வேண்டும். 'உரிமம் வேண்டாம்' என்ற டெக்சாஸ் சட்டம் இந்த விலக்கைத் தராது. இடுப்பில் துப்பாக்கியோடு பள்ளி வாசலில் காரில் வரிசையில் நிற்கும் அப்பாக்கள் பலருக்கு இது தெரியாது. அவர்கள் குடிமக்கள், பிடிபட்டால் வழக்கோடு போய்விடும். நமக்கு அப்படியில்லை. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடுகடத்தலாம் என்று குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. திருடன் எடுத்தால் அன்றைய வசூல் போகும். இதில் சிக்கினால் கடை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போகும். அதனால் உரிமம் எடுத்துவிடுங்கள் என்பேன்.

நானும் என் வீட்டுக்காரரும் குடியுரிமை வாங்குவதற்கு முன்பே எடுத்தவர்கள். பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் விண்ணப்பம், 40 டாலர் கட்டணம், கைரேகை, கிரீன் கார்டின் நகல், வகுப்புச் சான்றிதழ். வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். அதை இணையத்திலும் முடிக்கலாம், சுடும் தேர்வுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். 3 கெஜத்தில் 20 குண்டு, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளிகளில் 175 எடுத்தால் தேர்ச்சி. துப்பாக்கியே தொட்டிராதவர்கள் கூட ஒரு வார இறுதிப் பயிற்சியில் எடுத்துவிடுகிறார்கள். இந்தத் தேர்வில் தேறியதை வைத்து 'நமக்குச் சுடத் தெரியும்' என்று நினைத்துவிடாதீர்கள். அசையாத காகிதத்தை, வெளிச்சத்தில், நின்று நிதானமாகச் சுடுவதுதான் அது.

கடைக்காரர்கள் கவனிக்காத ஒன்று: மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய விற்பனை வரி பாக்கி என்று இறுதியாகத் தீர்மானமாகியிருந்தால் உரிமம் கிடையாது. முதலில் உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

வகுப்பில் 1991-இல் டெக்சாஸின் கில்லீன் ஊரில் நடந்ததைச் சொன்னார்கள். ஒரு உணவகத்தில் 23 பேர் கொல்லப்பட்டார்கள். சுசானா ஹப் என்பவர் அப்போதைய சட்டத்துக்குப் பயந்து துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். அவர் கண்ணெதிரே அப்பாவும் அம்மாவும் இறந்தார்கள். இந்த உரிமச் சட்டத்துக்காக அவர் போராடினார், 1995-இல் ஆளுநர் புஷ் கையெழுத்திட்டார். கேட்டால் நெஞ்சு கனக்கும். இருந்தாலும் அதை நம் கல்லாவுக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நம்மிடம் வருகிறவனுக்கு வேண்டியது பணம் மட்டும்தான்.

உரிமம் வந்த பிறகு வாசல்களைப் படிக்கப் பழகுங்கள். '30.06' என்ற சட்டப் பிரிவு எண்ணைப் போட்டு ஒரு அங்குல எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பலகை இருந்தால் மறைத்துக்கூட உள்ளே எடுத்துப் போகக் கூடாது. கோயிலாக இருந்தாலும் அப்படித்தான், வாசலில் பாருங்கள். சிவப்பில் '51%' என்று இருந்தால் அது மது விற்பனையில் பிழைக்கும் இடம். அங்கே எடுத்துப் போவது பெருங்குற்றம். தபால் நிலையத்துக்கு அதன் கார் நிறுத்துமிடத்திலேயே தடை. போலீஸ் நிறுத்தி அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கேட்டிக்காரன்:

ரொம்ப நன்றி அக்கா. பள்ளி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இன்னும் இரண்டு கேள்வி. என் மைத்துனன் எம்.எஸ். படிக்க வந்து எங்களோடுதான் தங்கியிருக்கிறான், எஃப்-1 விசா. விடுமுறை நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்ள அவனையும் பழக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம், கோடையில் காரிலேயே நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவோம். டெக்சாஸ் உரிமம் அங்கே செல்லுமா?

பேர்லாந்து அக்கா:

மைத்துனனைத் தொடவே விடாதீர்கள். மாணவர் விசா, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், 15 ஆண்டுகள் வரை சிறை. வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி ஒரு மாணவனின் விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். அவன் கைக்கு எட்டும் இழுப்பறையில் இருந்தாலே 'அவன் வசம் இருந்தது' என்று வாதாட இடம் உண்டு. எண் பூட்டுள்ள பெட்டி வாங்குங்கள், எண்ணை அவனிடம் சொல்லாதீர்கள். அந்தப் பெட்டி பிள்ளைகளுக்காகவும் வேண்டும்: 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைக்க விட்டால் வழக்கு உங்கள் மேல்தான். கடையில் உதவிக்கு அவனை நிறுத்த நினைப்பதையும் விடுங்கள், மாணவர் விசாவில் அந்த வேலையே தகராறு.

நியூ ஜெர்சிக்கு எடுத்துப் போகாதீர்கள். எந்த வெளிமாநில உரிமத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா உரிமத்தோடு 2013-இல் அங்கே போய், போலீஸ் நிறுத்தியபோது தானே சொல்லிக் கைதானார். ஆண்டுக்கணக்கில் சிறை என்ற நிலை. 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்ததால்தான் தப்பித்தார். லூசியானா, ஓக்லஹோமா, ஆர்க்கன்சாஸ் நம் உரிமத்தை ஏற்கின்றன.

டல்லாஸ் அண்ணாச்சி:

நான் மூன்று கடை வைத்திருக்கிறேன், ஒன்றிலும் துப்பாக்கி கிடையாது. அக்கா சொன்ன சட்டமெல்லாம் சரி. என் கேள்வி வேறு: அந்தப் பை எதற்கு உங்கள் கையில் இருக்கிறது? மேலே துவாரம் வைத்த இரும்புப் பெட்டியைத் தரையோடு திருகி வையுங்கள். வசூல் சேரச் சேர அதில் போடுங்கள், சாவி இரவில் கடையில் இருக்கக் கூடாது. கல்லாவில் சில்லறை மட்டும் இருக்கட்டும், அதை வாசலில் எழுதி ஒட்டுங்கள். வங்கிக்குப் பகலில் போங்கள், தினம் ஒரே நேரத்தில் போகாதீர்கள். பணம் அள்ளிப் போக வண்டி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு, மாதச் செலவு கொஞ்சம் கடிக்கும்.

கேட்டிக்காரன்:

அண்ணாச்சி, இரும்புப் பெட்டிக்கு இன்றே விலை கேட்கிறேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன், உங்கள் பக்கம்தான் நிற்கிறாள். வகுப்புக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறேன், துப்பாக்கி வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். அக்கா, வரி பாக்கி பற்றிக் கணக்கர் ஏதோ இழுக்கிறார். மாநில வரி அலுவலகத்தில் நானே நேரில் கேட்கலாமா?

பேர்லாந்து அக்கா:

தாராளமாக. வரி செலுத்துவோர் எண்ணை எடுத்துக்கொண்டு போங்கள், பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். இழுக்கிற கணக்கரையும் மாற்றுங்கள்.