வெங்காயத் தோலில் கரு தெரியவில்லை, பெட்டி பெட்டியாகத்தான் தெரிகிறது. உதவி தேவை

ஒட்டுசுட்டான் மாணவி, தரம் 10

வணக்கம். செயன்முறைக் கொப்பிக்கு வெங்காயக் கலம் பார்த்து வரைய வேண்டும். பாடசாலையில் இருப்பது கண்ணாடி வைத்த பழைய நுணுக்குக்காட்டி. வெங்காயத் தோலை வழுக்கியில் வைத்து, தண்ணீர் விட்டு, மூடித்துண்டு போட்டுப் பார்த்தோம். பெட்டி பெட்டியாகக் கோடுகள் மட்டும் தெரிந்தன. கரு எதிலும் இல்லை. நடுவில் கறுத்த விளிம்போடு வட்டங்கள் சில இருந்தன. அதுதான் கரு என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வட்டம் பத்துப் பெட்டியை மூடிக்கொண்டு இருக்கிறது. கரு அப்படி இருக்குமா? புத்தகப் படத்தில் கலத்துக்குள் இழைமணி, கொல்கி, பச்சையவுருமணி என்று சின்னச் சின்ன உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தைப் பார்த்தே வரைந்துவிடலாமா?

கிளிநொச்சி, உயர்தர உயிரியல்

கறுத்த வட்டம் காற்றுக்குமிழி, தங்கச்சி. விளிம்பு தடிப்பாகவும் நடு வெளிச்சமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூடித்துண்டை மேலிருந்து பொத்தென்று போட்டால் காற்று அகப்பட்டுக்கொள்ளும். ஒரு விளிம்பை முதலில் தண்ணீரில் முட்டவைத்து, மற்ற விளிம்பை ஊசியில் தாங்கி மெதுவாகச் சாய்க்க வேண்டும்.

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்

மகள், முதலில் ஒன்று சொல்லுங்கள். வெங்காயத்தின் எந்தத் தோலை எடுத்தீர்கள்?

ஒட்டுசுட்டான் மாணவி

மேலே காய்ந்திருக்கும் தோல், ரீச்சர். உரிக்கும்போது சரசரவென்று வருமே, அதுதான். மெல்லியதாக இருந்ததால் எடுத்தோம்.

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்

அப்படியென்றால் கரு தெரியாததற்குக் காரணம் அதுதான். அந்தத் தோலில் உள்ள கலங்கள் இறந்துவிட்டன. உள்ளே இருந்த குழியவுரு, கரு எல்லாம் போய்க் கலச்சுவர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1665 இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டதும் இதேபோன்ற வெற்றறைகளைத்தான். அவரும் கருவைக் காணவில்லை. 1831 இல் றொபேட் பிறவுண்தான் ஓக்கிட் தாவர மேற்றோலைப் பார்த்து, கலத்துக்குக் கலம் இருக்கும் அந்த உருண்டைக்குக் கரு என்று பெயர் வைத்தார். அது உயிருள்ள மேற்றோல்.

நீங்களும் உயிருள்ள தோலை எடுங்கள். வெங்காயத்தை நான்காக வெட்டி, சதைப்பிடிப்பான ஓர் இதழைப் பிரியுங்கள். அதன் உட்புறம், அதாவது குழிந்த பக்கம், நகத்தால் கிளப்பினால் கண்ணாடித்தாள்போல ஓர் உரி வரும். நகத்தளவு துண்டு போதும். உடனே தண்ணீருக்குள் போடுங்கள். காற்றில் வைத்தால் சுருண்டு மடிந்துவிடும், மடிந்த இடத்தில் எதையும் பார்க்க முடியாது.

அடுத்தது கருவுக்கு நிறமேற்ற அயடீன். ஆய்வுகூடத்தில் அயடீன் கரைசல் இல்லையென்றால், மருந்துக்கடையில் காயத்துக்குப் போட விற்கும் பொவிடோன் அயடீனைத் தண்ணீர் கலந்து ஒரு துளி விடலாம். நிறம் கொஞ்சம் மங்கலாகப் பிடிக்கும், ஆனாலும் கரு மஞ்சட் கபிலமாகத் தெரியவரும். கருநீலம் வரவில்லையே என்று பார்க்க வேண்டாம், அது மாப்பொருள் இருந்தால்தான் வரும். வெங்காயம் மாப்பொருளாக அல்ல, வெல்லமாகவே சேமிக்கிறது. கருநீலம் பார்க்க ஆசையென்றால் உருளைக்கிழங்கைச் சுரண்டி வையுங்கள்.

முள்ளியவளை அண்ணா

ரீச்சர் சொன்னதோடு வெளிச்சத்தையும் பாருங்கள். கண்ணாடி வைத்த நுணுக்குக்காட்டியில் வெளிச்சம் கூடினாலும் படம் கெடும். வன்னி வெயிலுக்கு அதுதான் பெரும்பாலும் நடக்கும். கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே ஒருபோதும் திருப்ப வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. யன்னல் பக்கம் வெளித்த வானத்துக்குத் திருப்பி, மேடைக்குக் கீழே உள்ள ஒளித்துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்குங்கள். நிறமில்லாத கலத்தின் விளிம்பும் கருவும் அப்போதுதான் வடிவாகத் தெரியும்.

குறைந்த பொருள்வில்லையில் தொடங்குங்கள். 40 மடங்கு வில்லைக்குப் போன பிறகு பெரிய திருகைத் தொடக் கூடாது, வழுக்கி உடையும், வில்லையும் கீறும். பார்வைத்துண்டு 10 மடங்கு, பொருள்வில்லை 40 மடங்கு என்றால் மொத்தம் 400 மடங்கு.

ஒட்டுசுட்டான் மாணவி

கரு தெரிந்தது!! சின்ன வெங்காயத்தின் உள் உரியில் பார்த்தோம். ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சளாக ஒரு புள்ளி. ஆனால் நடுவில் இல்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அப்புறம் வெங்காயமும் தாவரம்தானே, பச்சையவுருமணி ஒன்றுகூட இல்லையே? இழைமணியும் காணவில்லை.

கிளிநொச்சி, உயர்தர உயிரியல்

நடுவில் வெறுமையாகத் தெரிகிற இடம்தான் புன்வெற்றிடம். கலச்சாறு நிரம்பிய பை. முதிர்ந்த தாவரக் கலத்தில் பெரும்பகுதி அதுதான், குழியவுருவையும் கருவையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

வெங்காயக் குமிழ் மண்ணுக்குள் வளர்வது, ஒளித்தொகுப்பு அதன் வேலை இல்லை. அதனால் பச்சையவுருமணி இல்லை. பச்சைத் தாளில் இருக்கிறது. வடிவாகப் பார்க்க வேண்டுமென்றால் குளத்து ஐதரில்லாவின் இலை ஒன்றை அப்படியே வழுக்கியில் வையுங்கள். இரண்டு கலப் படை தடிப்புத்தான், உரிக்கவே தேவையில்லை. பச்சை மணிகள் சுவரோரமாக ஊர்ந்து போவதைக்கூடப் பார்க்கலாம். குழியவுரு ஓடும்போது அவற்றையும் கொண்டு போகிறது. குளத்துக்குள் இறங்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் குளங்களில் முதலை இருக்கிறது. வாய்க்காலில் ஒதுங்கியதை எடுத்தால் போதும்.

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்

இழைமணி பற்றி: அது உள்ளே இருக்கிறது, உங்கள் கருவிக்குத் தெரியவில்லை. ஒளி நுணுக்குக்காட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஏறத்தாழ 0.2 மைக்குரோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. இழைமணியின் அகலம் 0.5 முதல் 1 மைக்குரோமீற்றர். விசேட சாயம் ஏற்றினால் புள்ளியாகத் தெரியலாம். கலத்துக்குள் இருக்கும் இன்னொரு நுண்ணுறுப்பான றைபோசோம் 20 முதல் 30 நனோமீற்றர், அதற்கு வாய்ப்பே இல்லை. புத்தகப் படம் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டவற்றையும் சேர்த்து, பல கலங்களில் உள்ளவற்றை ஒரே கலத்துக்குள் வைத்து வரைந்த பொதுப் படம். அப்படியே ஒரு கலம் எங்கும் இருக்காது.

ஆகவே செயன்முறைக் கொப்பியில் நீங்கள் கண்டதை மட்டும் வரையுங்கள். கலச்சுவர், குழியவுரு, கரு, புன்வெற்றிடம், பக்கத்தில் உருப்பெருக்கம். காணாத இழைமணியை வரைந்த படத்தை விட, கரு சுவரோரம் ஒட்டியிருக்கும் உங்கள் படத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

கிளிநொச்சி, உயர்தர உயிரியல்

ஒரு திருத்தம் மட்டும், ரீச்சர். பரீட்சையில் 'பொதுத் தாவரக் கலத்தை வரைக' என்று கேட்டால் புத்தகப் படம்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிவிடுவார்கள்.

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்

சரிதான் தம்பி. கேள்வியில் 'அவதானித்த' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கப் பழகினால் குழப்பம் வராது.

ஒட்டுசுட்டான் மாணவி

நன்றி ரீச்சர். நீங்கள் சொன்ன பட்டியலில், சுவருக்கு உள்ளே குழியவுருவைச் சூழ்ந்திருக்கும் கலமென்சவ்வு இல்லையே? அதையும் பார்க்க முடியாதா?

முள்ளியவளை அண்ணா

அதன் தடிப்பு 7, 8 நனோமீற்றர்தான், சுவரோடு ஒட்டியும் இருக்கிறது. நேரே தெரியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், அதற்கு உப்புப் போதும்.

சின்ன வெங்காய இதழின் வெளிப்பக்கத்தில் ஊதா நிற உரியை எடுங்கள். அந்த நிறம் புன்வெற்றிடச் சாற்றில் இருக்கும் அந்தோசயனின், சாயம் தேவையில்லை. தண்ணீரில் ஒருமுறை பாருங்கள், ஊதா நிறம் பெட்டி முழுவதும் இருக்கும். பிறகு அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, மூடித்துண்டின் ஒரு பக்கத்தில் ஒரு துளி விட்டு, மறுபக்கத்தில் ஒற்றுத்தாளை வைத்து இழுங்கள். சில நிமிடத்தில் ஊதா சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். அந்த ஊதாப் பகுதியைச் சூழ்ந்த வெளி எல்லைதான் கலமென்சவ்வு. இதை முதலுருச்சுருக்கம் என்பார்கள். முல்லைத்தீவுப் பக்கம் போனால் கடல் தண்ணீரே போதும். அதில் ஏறத்தாழ 3.5 வீதம் உப்பு இருக்கிறது.

நந்திக்கடல் ஓரத்து வயலில் உவர் ஏறினால், தண்ணீர் நின்றாலும் நெல் வாடும். யூரியா அளவுக்கு மிஞ்சினால் பயிர் எரிந்தது என்கிறோம். இரண்டிலும் வேர்க்கலங்களுக்கு வெளியே கரைந்த பொருள் கூடிவிடுகிறது. அதனால் கலத்துக்குள் தண்ணீர் போக மாட்டாது, உள்ளே இருப்பதும் வெளியே வரும். விவசாயம் படிக்க வந்த பிறகுதான் எனக்கு இந்த வெங்காயப் பரிசோதனை எவ்வளவு பெரியது என்று விளங்கியது. தயவுசெய்து இதைத் தவறவிட வேண்டாம்.

ஒட்டுசுட்டான் மாணவி

செய்தோம் அண்ணா! ஊதா உருண்டையாகச் சுருங்கியது. திரும்பத் தண்ணீர் விட்டதும் சில கலங்கள் பழையபடி விரிந்தன, சில விரியவில்லை. இன்னொரு சந்தேகம்: சுருங்கியபோது சுவருக்கும் ஊதாவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் என்ன இருக்கிறது? காற்றா?

மாங்குளம் விஞ்ஞான ரீச்சர்

காற்று இல்லை மகள், உப்புக் கரைசல். கலச்சுவர் நீரையும் உப்பையும் தடையில்லாமல் விடும். கலமென்சவ்வு தேர்ந்து புகவிடும், நீர் தாராளமாகப் போகும், உப்பு இலேசாகப் போகாது. ஆகவே உப்புக் கரைசல் சுவரைத் தாண்டி வந்து மென்சவ்வின் வாசலில் நிற்கிறது. சாதாரண தரப் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுகிற கேள்வி இது.

விரியாத கலங்கள் இறந்திருக்கும். உப்பில் நீண்ட நேரம் இருந்தால் மென்சவ்வு சேதமாகும், பிறகு தண்ணீர் விட்டும் பயனில்லை. அடுத்த முறை சுருங்கியவுடனே தண்ணீர் விடுங்கள். எத்தனை கலங்கள் மீண்டன என்று எண்ணிக் கொப்பியில் படத்துக்குக் கீழே எழுதுங்கள், அதுவும் அவதானிப்புத்தான்.