பழைய நோட்டில் நான் இல்லை

அலமாரியை ஒழிக்கும்போது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பு கிடைத்தது. ஆசையாகத் திறந்தேன். "இன்று மனசு சரியில்லை." அடுத்த பக்கம்: "வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்?" மூன்று நாள் கழித்து: "இன்றும் மனசு சரியில்லை." ஏன் சரியில்லை என்று ஒரு வரி கிடையாது. யாரோடு சண்டை, எது கைநழுவியது, ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு வருத்தப்பட்ட ஆள் யாரென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமும்.

ஒரே ஒரு பக்கம் உயிரோடு இருந்தது. அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். சொன்னதும், "தெரியும், அங்கேதான் வைத்தேன்" என்று சமாளித்திருக்கிறார். எழுத ஒன்றுமில்லையே என்ற சலிப்பில் எழுதிய பக்கம் அது!

பிரெஞ்சுக்காரர் காலப் புதுச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்தது, இன்னார் வந்து இன்னது பேசினார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு காலத்தில் அலுத்துக்கொண்டவன் நான். இப்போது முதலில் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். இடம் மிஞ்சினால் மனசு.

* * *

உங்கள் பழைய நாட்குறிப்பைப் பற்றிப் படித்தேன். எனக்குச் சிக்கலே வேறு. எழுதுகிற மனநிலை வரட்டும் என்று காத்திருந்தே வருடங்கள் போயின. ஆந்தனி டிராலப் தபால் துறை வேலையோடு நாவல்களும் எழுதியவர். கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதுவாராம். சரி, நானும் வைத்தேன். முதல் நாள் தேறியது 40 சொல். அதிலும் பாதியை அடித்துவிட்டேன்.

அப்புறம் எண்ணிக்கையை விட்டேன். பத்து நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நடுவில் ஒன்பது நாள் விட்டுப்போனது. அதை ஈடுகட்டப் பார்த்ததுதான் தப்பு, வட்டிக்கடன் மாதிரி ஏறிக்கொண்டே போனது. பழசைத் தள்ளுபடி செய்துவிட்டு அன்றைய பக்கத்தைத் தொடங்கிய பிறகே பேனா ஓடியது.

* * *

நீங்கள் இருவரும் சொன்னதைப் படித்தேன். நானோ எழுதியதை வைத்துக்கொள்வதே இல்லை. ஒரு முறை நண்பர்மேல் கோபத்தில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாம் பக்கம் வந்தபோதுதான் புரிந்தது, கோபம் அவர்மேல் இல்லை, அவரிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத என்மேல். கிழித்துப் போட்டுவிட்டேன். பேசிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது, நிச்சயம் கத்தியிருப்பேன்.

ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸும் தனக்காகத்தான் குறிப்புகள் எழுதினார், அதுவும் கிரேக்கத்தில். காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாதபோது தன்னைத் தானே தட்டி எழுப்பிக்கொள்வதும் அதில் வருகிறது. பேரரசருக்கே அந்தப் பாடு என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

* * *

கடிதத்தைக் கிழித்தவரிடம் ஒன்று கேட்கலாமா? அந்த நண்பரோடு இப்போது பேசுகிறீர்களா?

* * *

பேசுகிறேன். போன வாரம்கூட ஒரு வேலை கேட்டார். முடியாது என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.