எட்டு மாதத்தில் 7.6 கிலோ

வாட்ஸ்அப் குழு: வில்லாபுரம் வீடு
புதன்கிழமை

செல்வி சித்தி: (படம்) எதிர் வீட்டுப் பையனைப் பாருங்கள். நம் பாப்பாவுக்கு ஒரு மாதம் இளையவன். 10 கிலோ! தேவி, உன் பிள்ளை எவ்வளவு?

தேவி: நேற்று அங்கன்வாடியில் எடை போட்டார்கள் அத்தை. 7.6.

செல்வி சித்தி: எட்டு மாதத்துக்கு அவ்வளவுதானா? டின் பாலில் ஒரு கரண்டி கூடப் போடு. ராத்திரி பாட்டிலில் கொஞ்சம் சத்துமாவும் கலந்து விடு, விடியும்வரை தூங்குவாள்.

முருகேசன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) தாய்ப்பால் குடித்த குழந்தை வாழ்நாளில் குண்டாகாது!! டின் பால் குழந்தை கட்டாயம் குண்டாகும்!! ஏழு பேருக்கு அனுப்பவும் 🙏

கார்த்தி: சித்தி பிள்ளை இளைத்துவிட்டது என்கிறார், மாமா குண்டாகும் என்கிறார். எதற்கு முதலில் பயப்படுவது?

வனிதா: என் வீட்டில் இதை யாரும் நம்ப மாட்டார்கள் மாமா. கதிருக்கு இரண்டு வயது வரை என் பால்தான். இப்போது 7 வயது. பள்ளியில் எடை பார்த்து 34 கிலோ, டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

தேவி: எனக்கு வேலைக்குத் திரும்பியதிலிருந்து பாதி டின் பால்தான். இந்த மாதிரிச் செய்தி வந்தால் அன்று முழுக்க மனசு சரியில்லை. சுகந்தி அக்கா, நர்ஸ் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

சுகந்தி மதினி: இன்று தடுப்பூசி நாள், மேலூர் பக்கம் இருக்கிறேன். முடித்துவிட்டு வருகிறேன். அதுவரை கரண்டி எதையும் கூட்டாதே.

(மதியம் 2:40)

சுகந்தி மதினி: சரி, முதலில் எடை. தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, அதைத் திற. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் எட்டு மாதப் பெண் பிள்ளைக்கு நடு எடை 7.9. 6.3க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்போம். நம் பாப்பா பச்சைப் பட்டையில் ஜம்மென்று இருக்கிறாள். ஒரு நாள் எடையை வைத்து எதுவும் முடிவு செய்யாதே, மாதாமாதம் கோடு ஏறுகிறதா என்று பார். பையன்களுக்குக் கோடே வேறு அத்தை. எதிர் வீட்டுப் பிள்ளை அவன் அளவில் சரியாகவும் இருக்கலாம்.

சுகந்தி மதினி: அடுத்து மாமாவின் செய்தி. பெலாரஸ் நாட்டில் 1996, 97இல் 31 மருத்துவமனைகளில் 17,000க்கு மேற்பட்ட தாய்களையும் பிள்ளைகளையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதி மருத்துவமனைகளில் பால் கொடுக்கத் தாய்மாருக்குக் கூடுதலாக உதவினார்கள். மூன்றாம் மாதத்தில் அங்கே தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகள் நூற்றுக்கு 43, மறு பாதியில் 6. முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் பதினொன்றரை வயதில் எடை போட்டுப் பார்த்தபோது இரண்டு பக்கமும் குண்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முருகேசன் மாமா: அப்போது தாய்ப்பால் வேண்டாமா?

சுகந்தி மதினி: யார் வேண்டாம் என்றது? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோடு இரண்டு வயதும் அதற்கு மேலும். அதில் மாற்றமே இல்லை. நோய் நொடி அண்டாமல் இருக்க அதைவிட ஒன்று கிடையாது. தொப்பைக்கு மருந்து என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான். தாய்ப்பால் குடித்தவர்களுக்கு எடை கொஞ்சம் குறைவு என்று பல கணக்கெடுப்புகளில் வருகிறது, உண்மைதான். அந்த வீடுகளின் படிப்பு, வசதி, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் கலந்திருக்கின்றன, பிரித்தெடுப்பது கஷ்டம். தேவி, கொடுக்க முடிகிற பாலைக் கொடு. பாதியாவது கிடைக்கிறதே.

தேவி: 🙏🙏

சுகந்தி மதினி: டின்னைவிட எனக்குப் பாட்டில் மேல்தான் கோபம். மார்பில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை விட்டதும் நாமும் விட்டுவிடுகிறோம். பாட்டிலில் அளவுக்கோடு இருக்கிறது. இன்னும் 30 மில்லி என்று நாம்தான் வாயில் திணிக்கிறோம். அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் ஆறு மாதம் மார்பில் மட்டும் குடித்த பிள்ளைகளில் பிறகு பாட்டிலையோ டம்ளரையோ கடைசிச் சொட்டு வரை காலி செய்தவை நூற்றுக்கு 27. பாட்டிலிலேயே குடித்தவை 68. பாட்டிலில் இருந்தது கறந்த தாய்ப்பாலாக இருந்தாலும் இதே கதைதான்.

தேவி: மிச்சத்தைக் கொட்ட மனசு வரவில்லை அக்கா. டின் விற்கிற விலைக்கு!

சுகந்தி மதினி: அதனால்தான் குறைவாகக் கலக்கு. கேட்டால் இன்னொரு தடவை கலக்கலாம். வாயை மூடினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, தட்டிவிட்டாலோ போதும் என்று அர்த்தம். எட்டு மாதம் ஆகிவிட்டது, மெல்ல டம்ளருக்கு மாற்று. நம் பாட்டிமார் பாலாடையில் கொடுத்ததே நல்ல முறை, பிறந்த பிள்ளைக்குக்கூட நாங்கள் அதைத்தான் சொல்கிறோம்.

சுகந்தி மதினி: அத்தை, கரண்டி கூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். டின்னில் போட்டிருக்கிற அளவு, தலைதட்டிய கரண்டி. கரண்டி கூடினால் புரதமும் கூடும். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் புரதம் கூடிய பால்மாவும் குறைந்த பால்மாவும் கொடுத்துப் பார்த்தார்கள். கூடிய பக்கத்துப் பிள்ளைகள் ஆறு வயதில் அதிகம் பருமனாக இருந்தன. சத்துமாவு கொடுக்கணும் என்றால் கெட்டியாகக் கிண்டிக் கரண்டியில் ஊட்டட்டும்.

முருகேசன் மாமா: (பகிரப்பட்டது) குழந்தைகளுக்கான பால்மாவு 2 டின் வாங்கினால் பொம்மை இலவசம்.

சுகந்தி மதினி: மாமா, அது சட்டப்படி குற்றம். 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் பால்மாவுக்கு விளம்பரமும் கூடாது, இலவசமும் கூடாது. அழித்துவிடுங்கள்.

முருகேசன் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மாச்சி (குரல் பதிவு, கார்த்தி எழுதியது): பத்தியத்துக்கு நான் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். பால் நாறும், பிள்ளை குடிக்காது என்று செல்விதான் சண்டைக்கு வந்தாள்.

சுகந்தி மதினி: ஜெயித்தது நீங்கள்தான் அம்மாச்சி 😄 1991இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாய் பூண்டு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பாலில் அந்த வாசம் வருகிறது. பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடுதல் நேரம் மார்பிலேயே இருந்தன. வயிற்றில் இருக்கும்போதோ பால் குடிக்கும்போதோ தாய் கேரட் சாறு குடித்தால், பிள்ளை பிறகு கேரட் கலந்த கஞ்சியை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறது. டின் பாலுக்கு தினமும் ஒரே ருசி. அதனால் தேவி, உன் பிள்ளைக்குக் காய் பழக்க இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தேவி: பீர்க்கங்காயைத் துப்புகிறாள் அக்கா. மூன்று நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

சுகந்தி மதினி: நிறுத்தாதே. ஒரு சோதனையில் பச்சை பீன்ஸை எட்டு நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் முகத்தைக் கோணிக்கொண்டே முன்னைவிட அதிகம் தின்றன. சுளிப்பதைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று நாம்தான் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இரண்டு வாய் வை, வாயை மூடினால் விட்டுவிடு, மறுநாள் மறுபடி வை. பருப்புச் சோற்றில் பிசைந்தும் கொடு. சர்க்கரை, பிஸ்கட் பக்கம் இரண்டு வயது வரை போகவே போகாதே.

வனிதா: மதினி, கதிருக்கு ஒன்றும் சொல்லவில்லையே.

சுகந்தி மதினி: சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கும், சொல்.

வனிதா: அம்மா ஃபோனைக் கையில் கொடுத்து ஊட்டிவிடுவார்கள். தட்டு காலியானால் இன்னொரு வீடியோ. டியூஷன் முடிந்து வரும்போது கலர் ஒரு பாட்டில். ராத்திரி வாரத்தில் பாதி நாள் புரோட்டா.

செல்வி சித்தி: பேரனுக்கு ஊட்டுவது தப்பா?

சுகந்தி மதினி: பாசத்தில் தப்பே இல்லை அத்தை. ஏழு வயதுப் பையன், அவன் கையால் சாப்பிடட்டும். வயிறு போதும் என்று சொல்வது அவனுக்குக் கேட்க வேண்டும், ஃபோன் இருந்தால் கேட்காது. வனிதா, பட்டினி போடாதே, குண்டா என்று யாரும் கூப்பிடாதீர்கள். கலரை நிறுத்தித் தண்ணீர் கொடு, சாயங்காலம் விளையாட விடு. உயரம் கூடும்போது எடை அப்படியே நின்றாலே பெரிய விஷயம். பள்ளியில் சொன்னபடி குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிடு.

வனிதா: சனிக்கிழமை போகிறேன். ஃபோனைப் பிடுங்குகிற வேலை மட்டும் அம்மாவுக்கு.

செல்வி சித்தி: அவன் அழுதால் நான் கொடுத்துவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கார்த்தி: சித்தி!

செல்வி சித்தி: சரி சரி, பார்க்கலாம். ஞாயிறு வரும்போது பாப்பாவுக்குப் பருத்திப்பால் வாங்கி வரட்டுமா? உடம்புக்கு நல்லதாச்சே.

சுகந்தி மதினி: அதில் இனிப்பு எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? பாப்பாவுக்கு வேண்டாம். சிறுமலைப் பழம் கிடைத்தால் வாங்கி வாருங்கள், மசித்துக் கொடுக்கலாம்.

அம்மாச்சி (குரல் பதிவு, கார்த்தி எழுதியது): எனக்குப் பருத்திப்பால் வேண்டும்.

செல்வி சித்தி: உனக்கு இல்லாமலா அம்மா. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள், தூக்குவாளி எடுத்து வரணும்.

கார்த்தி: ஏழு பேர். முருகேசன் மாமா வந்தால் எட்டு.