நம் குடும்பக் குழு: சுவரில் ஒட்டிய கொக்கிகளைக் கழற்றிய நாள்

அக்கா, காலை 9:12
அனைவருக்கும் வணக்கம். நாளை மறுநாள் வாடகை வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டு உரிமையாளர் முன்பே சொல்லியிருந்ததால், மூன்று ஆண்டுகளாக எல்லாவற்றையும் ஒட்டும் கொக்கிகளில்தான் மாட்டி வைத்திருந்தோம். மொத்தம் 12 கொக்கிகள். இன்று காலை முதல் கொக்கியைக் கழற்றியபோது, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட், அடியில் பூசியிருந்த பட்டியோடு (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. மீதி 11 கொக்கிகளைத் தொடவே பயமாக இருக்கிறது. சுவரைக் கெடுக்காமல் கழன்று வரும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன்.

சித்தப்பா, காலை 9:20
மகளே, மற்ற எதையும் இப்போது தொடாதே. ஒன்று மட்டும் சொல். கொக்கிக்குக் கீழே சிறிய நாக்குப் போல ஒரு நுனி தொங்குமே, அதைப் பிடித்து இழுத்தாயா, இல்லை கொக்கியையே பிடித்து இழுத்தாயா?

அக்கா, காலை 9:23
கொக்கியைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன், சித்தப்பா. அசையவில்லை என்றதும் தட்டையான கத்தியை இடையில் நுழைத்து நெம்பினேன்.

சித்தப்பா, காலை 9:41
அப்படியென்றால் கொக்கிக்குப் பின்னால் இருக்கும் ஒட்டும் பட்டையில் குறை இல்லை, இழுத்த திசையில்தான் தவறு. ஒட்டுநாடா ஆலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொக்கியை உன் பக்கமாக இழுக்கும்போது, பட்டை ஒட்டியிருக்கும் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சுவரை எதிர்த்து இழுக்கப்படுகிறது. அந்தப் பசை சுவரின் பெயிண்டைப் பிடித்திருக்கும் பிடி, பெயிண்ட் பட்டியைப் பிடித்திருக்கும் பிடியைவிட வலுவாக இருந்துவிட்டால், எந்த அடுக்கு வலுக்குறைந்த அடுக்கோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். உன் வீட்டில் பட்டி விட்டுக்கொடுத்தது. கத்தியால் நெம்பியதும் அதே வேலையை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்திருக்கிறது.

இப்போது அதே பட்டையின் நாக்கைப் பிடித்து, சுவரை ஒட்டியபடியே நேராகக் கீழ்நோக்கி இழுத்தால் நடப்பது முற்றிலும் வேறு. பட்டை ரப்பரைப் போல நீளும். நீளும் பொருளின் கன அளவு ஏறத்தாழ மாறாது என்பதால், நீளம் கூடும்போது அதன் அகலமும் தடிமனும் குறைந்தே ஆக வேண்டும். அப்படி மெலிந்து சுருங்கும் பகுதி சுவரில் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் நழுவுகிறது. முதலில் நாக்குக்கு அருகில் ஒரு மெல்லிய கோடு மட்டும் விடுபடும். அந்தக் கோடு மெதுவாக மேல்நோக்கி ஏறும். எந்தக் கணத்திலும் அந்த ஒரு கோடு மட்டுமே சுவரிலிருந்து பிரிந்துகொண்டிருப்பதால் பெயிண்டின் மேல் விழும் விசை மிகக் குறைவு. நீ செலவழிக்கும் வலுவில் பெரும்பகுதி பட்டையை நீட்டுவதற்கே போய்விடுகிறது, சுவருக்குப் போவதில்லை.

நான், காலை 9:46
சித்தப்பா, ஒரு சந்தேகம். இழுத்தால் இவ்வளவு எளிதாக விட்டுவிடும் பசை, கனமான பையை மாட்டினால் மட்டும் எப்படி மூன்று ஆண்டுகள் தாங்குகிறது? பையும் கீழ்நோக்கித்தானே இழுக்கிறது?

சித்தப்பா, காலை 10:02
மிகச் சரியான கேள்வி. பையின் எடை பட்டையின் நாக்கில் விழுவதில்லை. கொக்கியின் முதுகிலிருக்கும் தட்டின் வழியாகப் பட்டையின் முழுப் பரப்பிலும் பரவி விழுகிறது. அந்தத் தட்டு நீளாது, ஆகவே பட்டையும் நீளாது. நீளாத வரை அது மெலியவும் மெலியாது. நாக்கை இழுக்கும்போது மட்டும்தான் தட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து பட்டை உருவி வெளியே வருகிறது. தாங்குவதும் விடுபடுவதும் ஒரே பசையின் செயல்தான். எடை எந்த வழியாக வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

இதைச் சாத்தியமாக்குவதற்கு ஒரு கடினமான நிபந்தனை உண்டு. பட்டை விடுபடுவதற்கு வேண்டிய விசையைவிட, அறுவதற்கு வேண்டிய விசை எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் அறுந்து, மீதி சுவரிலேயே தங்கிவிடும். அதற்காகப் பயன்படும் பொருள்களில் ஒன்று ஸ்டைரீன்–ஐசோபிரீன்–ஸ்டைரீன் என்ற பாலிமர். அதன் ஒவ்வொரு இழையின் இரு முனைகளும் கெட்டியானவை, நடுப்பகுதி ரப்பர் போன்றது. பல இழைகளின் கெட்டி முனைகள் ஒன்றுகூடி முடிச்சுகள் போல அமர்ந்துகொள்வதால், இழுத்தால் நடுப்பகுதி நீளும், முடிச்சு அவிழாது. அதோடு பிசின் கலந்தால் ஒட்டும் தன்மை வந்துவிடும். இப்படிப்பட்ட பாலிமரால் ஆன நீளும் ஒட்டுநாடாவுக்கு, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1977-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்று பலரும் அறிந்த கமாண்ட் கொக்கிகளை 3எம் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்தது. அவற்றில் பலவற்றின் நடுவில் மெல்லிய நுரை அடுக்கு ஒன்று இருக்கும். சுவரின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அது அமுங்கிக் கொடுக்கும்.

அண்ணன், காலை 10:10
கைப்பேசி பழுதுபார்க்கும் வேலையில் இதையே நாங்கள் தினமும் பார்க்கிறோம். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ் முதல் பேட்டரியை இப்படிப்பட்ட நீளும் பட்டைகள்தாம் பிடித்திருக்கின்றன. நாக்கைச் சாய்வாக இழுத்தாலோ, பட்டை பேட்டரியின் விளிம்பில் உராய்ந்தாலோ உடனே அறுந்துவிடும். பிறகு பேட்டரியை நெம்ப வேண்டியிருக்கும். நெம்பும்போது அது வளைந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. 2024-இல் வந்த ஐபோன் 16-இல், 9 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் செலுத்தினால் தானே பிடியை விடும் பசையை வைத்துவிட்டார்கள். அவசரப்பட்டு இழுக்காதே. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அக்கா, காலை 10:15
சரி. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லுங்கள், சித்தப்பா. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்.

சித்தப்பா, காலை 10:31
முதலில் மாட்டியிருப்பதை எல்லாம் எடுத்துவிடு. இடது கையால் கொக்கியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இரு. அது கீழே விழாமலும் உன் விரலில் வந்து அடிக்காமலும் பார்ப்பதற்காகத்தான் அந்தக் கை. கொக்கியைச் சுவரோடு அழுத்திவிட்டால் பட்டை உள்ளே நசுங்கி உருவ முடியாமல் அறுந்துவிடும். வலது கையால் நாக்கைப் பிடித்து, உன் விரல் முட்டிகள் சுவரை உரசிக்கொண்டே போகும் அளவுக்கு நேராகக் கீழே இழு. உன் பக்கமாக ஓர் அங்குலம்கூடச் சாயக் கூடாது.

மெதுவாக இழு. வேகமாக இழுத்தால் பசைக்கு நழுவ நேரமில்லாமல் பட்டை அறுந்துவிடும். ஒரு சாண் நீண்ட பிறகும் கொக்கி அசையவில்லையே என்று கைவிட்டுவிடாதே. சில பட்டைகள் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட பிறகுதான் முழுதாக விடும். நீள நீள அது வெளுத்து மெலிந்து நூல் போல ஆவதைப் பார்ப்பாய். கடைசிப் பகுதி விடுபடும்போது ரப்பர் வளையம் போலச் சுருண்டு அடிக்கும் என்பதால், அந்த நேரத்தில் முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே.

படச் சட்டங்களுக்கு அடியில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இரட்டைப் பட்டைகள் இருக்கும். அங்கே சட்டத்தின் கீழ் மூலைகளைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிச் சட்டத்தை முதலில் பிரித்துவிடு. சுவரில் மிஞ்சும் பட்டையை அதன் பிறகு இழு.

சன்னலருகே வெயில் படும் இடத்தில் ஒட்டியவற்றைக் கடைசியாக வைத்துக்கொள். வெயிலும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டால் இந்த வகை ரப்பர் கெட்டுப்போகும், அவை அறுந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

அம்மா, காலை 11:05
தம்பி, குறுக்கே கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் கைப்பட வரைந்த ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு மேலே இப்படிப்பட்ட பட்டையால் ஒட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சுவர் பழைய சுவர்.

சித்தப்பா, காலை 11:14
வேண்டாம், அண்ணி. கட்டிலுக்கு மேலே கண்ணாடியை ஒருபோதும் பசையை நம்பி மாட்டாதீர்கள். போனால் திரும்பக் கிடைக்காத பொருளையும் அப்படி மாட்டக் கூடாது. அதற்கு ஆணியோ திருகோதான் சரி. சுவரைப் பற்றி அறிய ஒரு வழி சொல்கிறேன். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால், பட்டை அந்தத் தூளைத்தான் பிடிக்குமே தவிரச் சுவரைப் பிடிக்காது. மாட்டிய பொருள் தூளோடு சேர்ந்து கீழே வந்துவிடும். சுவர்த்தாள், செங்கல், சொரசொரப்பான பூச்சு ஆகியவற்றிலும் இதை ஒட்ட வேண்டாம்.

அக்கா, மாலை 4:48
சித்தப்பா, 9 கொக்கிகள் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்துவிட்டன. முதல் கொக்கியில் கை நடுங்கியது. பட்டை நீண்டுகொண்டே போய் என் இடுப்பு வரை வந்துவிட்டது. அறுந்துவிடுமோ என்று நிறுத்தப் போனேன், அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து நிதானமாகத் தொடர்ந்தேன். ‘பட்’ என்ற ஓசையோடு கொக்கி கைக்கு வந்தது. சுவரில் அடையாளமே இல்லை. ஆனால் சன்னலருகே இருந்த இரண்டும் நீங்கள் சொன்னபடியே பாதியில் அறுந்துவிட்டன. கொக்கிகள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன, பிடித்து இழுக்க நாக்கு இல்லை.

சித்தப்பா, மாலை 4:57
கத்தியை எடுக்காதே, மகளே. முடி உலர்த்தும் கருவி இருந்தால் மிதமான சூட்டில் கொக்கியின் மேல் அரை நிமிடம் காட்டு. சூட்டில் பசை இளகும். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலோ தூண்டில் நூலோ எடுத்து, இரு முனைகளையும் இரண்டு கைகளில் சுற்றிக்கொண்டு, கொக்கிக்கும் சுவருக்கும் இடையே மேலிருந்து கீழாக ரம்பம் போல முன்னும் பின்னும் இழு. நூல் பட்டையின் நடுவில் அறுத்துக்கொண்டு இறங்கும். கொக்கி கழன்ற பிறகு சுவரில் மிஞ்சியிருக்கும் பசையைச் சுரண்டாதே. மறுபடி சூடு காட்டி, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து உருட்டு. உருண்டை உருண்டையாகத் திரண்டு வரும். கொஞ்சம் நுனி கிளம்பி வந்தால், அதையே பிடித்துச் சுவரோடு சேர்த்து நீட்டிப் பார்.

அக்கா, மாலை 6:20
இரண்டும் வந்துவிட்டன. ஒன்றில் நூலே தேவைப்படவில்லை, சூடு காட்டியதும் உள்ளேயிருந்து ஒரு நுனி எட்டிப் பார்த்தது, அதைப் பிடித்து நீட்டினேன். காலையில் பெயர்ந்த இடத்துக்கு மட்டும் பட்டி வைத்துப் பெயிண்ட் தொட்டுவிட ஆள் வருகிறார். நீண்ட பட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கொக்கிகளை ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறேன். புது வீட்டில் சனிக்கிழமையே ஒட்டிவிடலாமா?

சித்தப்பா, மாலை 6:27
கொக்கிகளை வைத்துக்கொண்டது நல்லது. ஒருமுறை நீட்டிய பட்டை மறுபடி ஒட்டாது, புதிய பட்டைகள் மட்டும் வாங்கிக்கொள். அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து எத்தனை நாள் ஆகிறது?

அக்கா, மாலை 6:29
சனிக்கிழமையோடு நான்கு நாள் ஆகும்.

சித்தப்பா, மாலை 6:38
குறைந்தது 7 நாள் ஆக வேண்டும் என்பதால் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை பொறு. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடு. சோப்பு நீரோ வீட்டைத் துடைக்கும் திரவமோ வேண்டாம், அவை விட்டுச் செல்லும் வழவழப்பில் பசை பிடிக்காது. நாக்கு கீழே தெரியும்படி வைத்து 30 விநாடி நன்றாக அழுத்து. உடனே எதையும் மாட்டாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடு; பசை சுவரின் நுண்ணிய பள்ளங்களுக்குள் பரவி இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

அக்கா, மாலை 6:40
அப்படியே செய்கிறேன், சித்தப்பா. செவ்வாய்க்கிழமை வரை பைகள் தரையிலேயே இருக்கட்டும்.