மறு: 'பேங்க் டோக்கன்' – என் ஓட்டு 'வங்கி வில்லை'க்கு

ஐயா, வணக்கம். வங்கிகள் வெளியிட்டு நாணயம்போலப் புழங்கிய 'பேங்க் டோக்கன்'களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

'வங்கிக் காசு' தமிழ்நாட்டில் எடுபடலாம். சிங்கப்பூரில் காசு என்றால் சென்ட். தேக்காவில் ஐம்பது காசு மீதி வாங்குகிறவருக்கு அது வங்கி அடித்த சென்ட் என்றே படும். கிழக்கிந்தியக் கம்பெனி 1845 என்று பொறித்த உண்மையான சென்ட் வேறு நம் ஆல்பங்களில் இருக்கிறது.

அக்கா சொன்ன 'போலி நாணயம்' வேண்டவே வேண்டாம், கள்ளக்காசு ஆகிவிடும். மேல் கனடா (இன்றைய ஒண்டாரியோ) வங்கியின் பென்னி, அரைப் பென்னிகளைப் பாருங்கள். 1850 முதல் 1857 வரை ஆண்டு பொறித்தவை. ஒருபுறம் குதிரைமேல் புனித ஜார்ஜ் டிராகனைக் குத்துகிறார். மறுபுறம் 'பேங்க் டோக்கன்' என்றே எழுத்து. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1837-இல் கீழ் கனடா (இன்றைய கியூபெக்) வங்கிகளும் இதே சொல்லைத்தான் பொறித்தன. இங்கிலாந்து வங்கியும் 1811-இல் மூன்று ஷில்லிங்குக்கு வெள்ளியில் வெளியிட்டது (உலோகத்தைச் சொல்கிறேன், சிங்கப்பூரில் நாம் 'வெள்ளி' என்கிற டாலரை அல்ல!).

சரி, 'வங்கி நாணயம்'? நாணயம் அரசு அடிப்பது. அதோடு வங்கியின் நாணயம் என்றதும் அதன் நேர்மைதான் நினைவுக்கு வரும். மேல் கனடா வங்கி 1866-இல் நொடித்துப்போனது. அந்தப் பேச்சு எதற்கு?

வில்லை என்றால் மாத்திரை, கண்ணாடி வில்லை என்றெல்லாம் நினைக்கத் தோன்றும் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் முன்னால் 'வங்கி' நின்றால் யார் மருந்துக்கடைக்குப் போவார்கள்? முன்சொல்லை மாற்றினால் மற்ற வகை டோக்கன்களுக்கும் பெயர் கிடைத்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இங்குள்ள வணிகர்கள் பர்மிங்காமில் அடித்து வரவழைத்த கெப்பிங்கு என்னும் சிறு செப்புத் துண்டுகள் இருக்கின்றனவே, சேவல் படமும் ஜாவியில் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) 'தானா மலாயு' (மலாய் நாடு) என்பதும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 1247-உம் பொறித்தவை, அவை வணிகர் வில்லை. தோட்டத்தில் கூலிக்குக் கொடுத்தால் தோட்ட வில்லை. யார் வெளியிட்டது என்று சேகரிப்பவர் முதலில் கேட்பார். பதில் பெயரிலேயே இருக்கும்.

இடிப்பது ஒன்றுதான். இங்கிலாந்து வங்கி எட்டு ரியால் என்னும் ஸ்பானிய வெள்ளி நாணயங்கள்மேல் மறுபடி அச்சடித்து 1804-இல் விட்ட ஐந்து ஷில்லிங். அதில் 'டாலர்' என்றுதான் இருக்கிறது, டோக்கன் என்ற சொல்லே கிடையாது. நான் அதையும் வங்கி வில்லையில்தான் சேர்ப்பேன். காசின் மேல் உள்ள சொல்லை அப்படியே பெயர்க்க வேண்டும் என்பவர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் எழுதட்டும், அப்புறம் முடிவு செய்யலாம்.