பழைய மடிக்கணினியில் பயாஸ் பூட்டைத் திறந்த அனுபவங்கள்: வேலூர் வட்டாரம்

காட்பாடியிலிருந்து:

லெனோவோவின் எக்ஸ்230 போன்ற 2012ஆம் ஆண்டுத் திங்க்பேட் மடிக்கணினிகளை நம் ஊரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்கள் முதலில் எஸ்எஸ்டி போடுவார்கள், பிறகு ரேமைக் கூட்டுவார்கள். இரண்டுமே தடையில்லாமல் நடந்துவிடும். வைஃபை கார்டில் கை வைக்கும்போதுதான் இயந்திரம் முரண்டு பிடிக்கும். என் கணினியில் இருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் எடுக்கும் கார்டு. மாணவர் விடுதிகளும் வாடகை வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் காட்பாடித் தெருக்களில் மாலை நேரத்தில் அந்த அலைவரிசை திணறிவிடும் என்பதால், 5 கிகாஹெர்ட்ஸையும் புளூடூத்தையும் சேர்த்துத் தரும் இன்டெல் 7260 கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பவர் பட்டனை அழுத்தியதும் 1802 என்ற எண்ணும், அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டுள்ளது, கணினியை அணைத்து அதைக் கழற்றவும் என்ற ஆங்கில வாசகமும் திரையில் வந்து நின்றன. விண்டோஸோ லினக்ஸோ கண் விழிப்பதற்கு முன்பே, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் தடுத்துவிடுவதால், டிரைவரை மாற்றிப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

நடப்பது இதுதான். பயாஸுக்குள் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் அடையாள எண்கள் ஒரு பட்டியலாக எழுதப்பட்டுள்ளன. கார்டைத் தயாரித்தவர் யார் என்ற எண்ணை மட்டுமன்றி, அது எந்த நிறுவனத்தின் கணினிக்காக விற்கப்பட்டது என்ற துணை எண்ணையும் பயாஸ் சரிபார்க்கிறது. ஆகவே அச்சு அசலாக அதே இன்டெல் கார்டே ஆனாலும், வேறு நிறுவனத்தின் மடிக்கணினியிலிருந்து கழற்றியதாக இருந்தால் உள்ளே விடாது. இது ஒரே நிறுவனத்தின் வழக்கமும் அன்று. அக்காலத்து எச்பி மடிக்கணினிகளில் சிலவும் 104 என்ற எண்ணைக் காட்டி இதே வேலையைச் செய்தன. கார்டும் ஆன்டெனாவும் சேர்ந்துதான் வானொலி அலைச் சான்று பெற்றுள்ளன என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் காரணம். அதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆன பின்னும் பட்டியலில் புதிய கார்டு ஒன்றையும் சேர்க்காமல், பூட்டை மட்டும் விட்டுவைப்பதற்கு அந்தக் காரணம் போதாது என்பதே என் கருத்து.

நான் தேர்ந்தெடுத்தது ஐவிரெய்ன் என்ற வழி (ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்குப் பதிலாக 1 என்ற எண்ணை இட்டு எழுதுவார்கள், தேடுபவர்கள் கவனிக்கவும்). கணினியைத் திறந்து சிப்பைத் தொடாமல், ஒரு பென் டிரைவிலிருந்தே பட்டியல் நீக்கப்பட்ட பயாஸை எழுதிவிடலாம். ஆனால் பழைய பயாஸில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தித்தான் இது உள்ளே நுழைகிறது என்பதால், எக்ஸ்230இல் பயாஸ் 2.60 அல்லது அதற்கு முந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதாக இருந்தால் முதலில் பழைய பதிப்புக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். எழுதி முடித்துக் கணினியைத் தொடங்கியபோது 1802 வரவில்லை, வைஃபையும் உடனே பிடித்தது, புளூடூத் மட்டும் தென்படவில்லை. கார்டின் 51ஆம் முனை புளூடூத்தை அணைத்துவைக்கும் முனை என்பதால், அந்தத் தங்க நிறக் கோட்டின்மீது மட்டும் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பை நூலளவுக்கு நறுக்கி ஒட்டினேன். பக்கத்து முனையின்மேல் டேப் ஏறிவிடாமல் இருக்கப் பூதக்கண்ணாடியும் ஊசியும் தேவைப்பட்டன. அதன் பிறகு புளூடூத்தும் வந்துவிட்டது.

குடியாத்தத்திலிருந்து:

காட்பாடி அன்பர் வைஃபையோடு நிறுத்திவிட்டார். என் தலைவலி பேட்டரியில்தான் இருந்தது. எங்கள் லுங்கி வியாபாரத்தின் கணக்கு முழுவதும் ஒரு டி430 திங்க்பேடில் இருக்கிறது. அதன் அசல் பேட்டரி செத்துவிட்டதால் கம்பெனி முத்திரையில்லாத பேட்டரி ஒன்றை வாங்கினேன். இந்தப் பேட்டரிக்கு இக்கணினியில் ஆதரவில்லை, சார்ஜ் ஆகாது என்று அறிவித்துவிட்டு, அதை ஒரு சுமையாக மட்டும் இயந்திரம் வைத்துக்கொண்டது. இந்தத் தடை பயாஸில் இருப்பதன்று. விசைப்பலகை, மின்விசிறி, சார்ஜ் ஆகியவற்றைக் கவனிக்கும் இசி என்ற தனிச் சிப்புக்குள் அதற்கென்றே உள்ள ஃபர்ம்வேர் என்ற உள்நிரலில் அது இருக்கிறது. ஐவிரெய்ன் போட்டாலும் இசி மாறாது. அதற்குத் திங்க்பேட்-இசி என்ற தனித் திட்டம் இருக்கிறது. பேட்டரிச் சோதனையை நீக்குவதோடு, முந்தைய தலைமுறையின் ஏழு வரிசை விசைப்பலகையை இந்த மாடல்களில் பொருத்தவும் அது வழி செய்கிறது.

இங்கே ஒரு வினோதமான முடிச்சு விழுகிறது. இசியை மாற்றி எழுதும் நிரல், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் சார்ஜ் இருக்க வேண்டும் என்று கேட்கும். புதிய பேட்டரியையோ இசி சார்ஜ் செய்ய விடாது. அசல் பேட்டரி செத்துக் கிடக்கிறது. பேட்டரியை ஏமாற்றும் குறுக்கு வழிகள் சிலவற்றைச் சிலர் சொன்னார்கள். ஆனால் நடுவில் மின்சாரம் போனால் இசி பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும் என்பதால் அவற்றை நான் ஏற்கவில்லை. வேலூரில் அதே மாடல் வைத்திருந்த உறவினரிடம் நல்ல அசல் பேட்டரியை இரவல் வாங்கி, அன்று எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்படவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே வேலையைத் தொடங்கினேன். எழுதும் நேரம் என்னவோ மிகக் குறைவுதான். இப்போது முத்திரையில்லாத பேட்டரியே சார்ஜ் ஆகிறது. இருந்தாலும் கண்ட பேட்டரியையும் வாங்கிப் போடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சோதனை நீங்கிவிட்டால், மட்டமான செல்களைத் தடுத்து நிறுத்த அந்தக் காவலும் இருக்காது. கோடையில் நம் ஊர் வெயிலில் உப்பிப்போன பேட்டரிகளை நானே கழற்றியிருக்கிறேன்.

இராணிப்பேட்டையிலிருந்து:

குடியாத்தம் அன்பர் சொன்னதில் ஓர் ஒழுங்கு அடங்கியிருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அசல் பயாஸுக்குப் பதிலாக வைக்கும் கோர்பூட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இசி வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இசியை எழுதும் நிரல் கம்பெனியின் அசல் பயாஸின் துணையோடுதான் ஓடும். கோர்பூட் போட்ட பிறகு இசியைத் தொட வேண்டுமானால் அசல் பயாஸைத் திரும்ப எழுதி, இசியை மாற்றி, மறுபடியும் கோர்பூட் எழுத வேண்டியிருக்கும்.

கோர்பூட் என்பது அசல் பயாஸில் ஒட்டுப் போடுவதன்று. அதை அகற்றிவிட்டு வேறொரு திறந்த மூல ஃபர்ம்வேரை வைப்பது. 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக், நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பூட்டி இயக்கும் தேவைக்காக லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது, 2008இல் இந்தப் பெயருக்கு மாறியது. அதில் கார்டுப் பட்டியல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் முதல்முறை எழுதுவதற்குக் கணினியைத் திறந்து, பயாஸ் இருக்கும் சிப்பின் கால்களில், புரோகிராமர் என்ற எழுதும் கருவியோடு இணைந்த கிளிப்பை மாட்ட வேண்டும். எக்ஸ்230இல் கையை வைக்கும் பலகையையும் விசைப்பலகையையும் கழற்றினால் எட்டுக் கால் சிப்புகள் இரண்டு தெரியும். திரைக்கு அருகில் இருப்பது 4 எம்பி, அதில் பயாஸ் இருக்கிறது. நம் பக்கம் இருப்பது 8 எம்பி, அதில் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற, பிரதானச் செயலியிலிருந்து தனியே இயங்கும் உள்அமைப்பின் நிரலும், லேன் போர்ட்டின் அடையாள எண்ணான மேக் முகவரியும் இருக்கின்றன. வேறொரு கணினியின் 8 எம்பி கோப்பைத் தரவிறக்கி அப்படியே எழுதுபவர்களின் மேக் முகவரி மாறிப்போவது இதனால்தான்.

கிளிப்பை மாட்டும் முன் சார்ஜர், பேட்டரி, உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரி மூன்றையும் கழற்றிவிட வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். சிப்பை ஃப்ளாஷ்ராம் என்ற நிரல் கொண்டு ஒருமுறைக்கு இருமுறை படித்து, இரண்டு கோப்புகளின் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் ஒன்றாக இருந்தால் மட்டுமே எழுதத் தொடங்க வேண்டும். எனக்கு முதலில் இரண்டும் ஒத்துவரவில்லை. சிப்பின் கால்களில் படிந்திருந்த பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுக் கிளிப்பை மறுபடி மாட்டியதும் ஒத்துவந்தன. அந்த அசல் கோப்பு பத்திரமாக இருக்கும் வரை, எழுதும்போது என்ன கோளாறு நேர்ந்தாலும் இதே கிளிப்பால் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரைப் பற்றி ஓர் எச்சரிக்கை: இந்தச் சிப்புகள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை, அந்தப் பலகையோ தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும் அமைப்புடையது. அதை வைத்தே பலர் வெற்றி கண்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான். எனினும் ராஸ்பெரி பை பிகோ என்ற சிறு பலகை ஒன்றை வாங்கினால் 3.3 வோல்ட்டிலேயே இந்த வேலை முடியும்போது, அந்த ஆபத்துக்கு என்ன அவசியம்?

மேனேஜ்மென்ட் எஞ்சினை அடியோடு அழித்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இந்தத் தலைமுறையில் அதை முழுவதும் நீக்கினால் கணினி 30 நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். எம்இ-கிளீனர் என்ற நிரல், தொடங்குவதற்குத் தேவையான பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குகிறது.

ஆம்பூரிலிருந்து:

என்னுடையது திங்க்பேட் அன்று, ஏசர் சி720 குரோம்புக். 2013ஆம் ஆண்டு மாடல் என்பதால் கூகுளின் அப்டேட் எப்போதோ நின்றுவிட்டது. கூகுளின் பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்தும் டெவலப்பர் மோடில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓர் எச்சரிக்கைத் திரை வரும். அதைப் படித்துவிட்டு அது சொன்னபடியே ஸ்பேஸ் பட்டனையும் என்டரையும் அழுத்தினால் பழைய பாதுகாப்பு நிலைக்குத் திரும்பி, வைத்திருந்தது அனைத்தையும் கணினி துடைத்துவிடும். வீட்டில் என் அக்கா மகன் அதைத்தான் செய்தான். குழந்தையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அழுத்தச் சொல்லித் திரையே கேட்கிறது.

இந்த மாடலில் ஃபர்ம்வேர்ச் சிப்பில் எழுத முடியாதபடி தடுப்பது பலகையில் உள்ள ஒரு சாதாரண ஸ்குரூதான். அதைக் கழற்றியதும் தடை நீங்கிவிட்டது. குரோம்புக்குகளுக்காக மிஸ்டர்குரோம்பாக்ஸ் என்ற புனைபெயருடையவர் வழங்கும் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) ஃபர்ம்வேரை உள்ளிருந்தே எழுதினேன், கிளிப் தேவைப்படவில்லை. எச்சரிக்கைத் திரை போய்விட்டது. பிற்காலக் குரோம்புக்குகளில் இந்த ஸ்குரூ இல்லை, தடையைக் காக்கத் தனிச் சிப்பே இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்குப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்கிறார்கள்.

மீண்டும் காட்பாடியிலிருந்து:

அன்பர்களுக்கு நன்றி. இரண்டு கேள்விகள் தனியாக வந்தன. கம்பெனியின் அப்டேட்டைப் பிறகு போடலாமா என்பது முதலாவது. போட்டால் மாற்றிய பயாஸின் மேல் அசல் பயாஸ் எழுதப்பட்டு, பட்டியலும் திரும்ப வந்துவிடும், மறுநாள் காலை 1802 வந்து நிற்கும். ஆகவே கணினியைப் பயன்படுத்தும் வீட்டார் அனைவரிடமும் பயாஸ் அப்டேட் வேண்டாம் என்று சொல்லிவைப்பது நல்லது. ஐவிரெய்னைத் தேர்ந்தவர்களுக்கு இதில் இழப்பும் உண்டு. பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவதால், பின்னால் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் சேராது. அது பொறுக்காதவர்கள் இராணிப்பேட்டை அன்பரின் வழியைப் பார்க்கலாம்.

பயாஸின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டையும் இதே முறையில் எடுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. அது கார்டுப் பட்டியலைப் போன்றதன்று. கணினிக்கு உடையவர் தம் உடைமையைக் காக்கப் போட்ட பூட்டு அது. நிறுவனங்கள் கழித்துவிடும் இயந்திரங்களில் நீக்க மறந்த பாஸ்வேர்டு இருப்பது உண்டு, திருட்டு இயந்திரங்களிலும் இருப்பது உண்டு. வாங்கிய பில்லில் உள்ள சீரியல் எண்ணும் அடிப்பலகையில் உள்ள எண்ணும் ஒத்திருந்தால் விற்றவரிடமே கொண்டுபோய் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பில் இல்லாமல் என்னிடம் கொண்டுவரும் இயந்திரத்தை நான் தொடுவதில்லை.